கலர் மாறினால் போதாது: சேலத்தில் கேட் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

சேலம் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.க்களிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் கேட் (CAD, கணினியில் வரைபடம் போடுவது) பாடம் எடுக்கும் உங்களுக்கும், செய்முறைத் தேர்வுக்கு வரும் தேர்வாளர்களுக்கும் இதை எழுதுகிறோம். பட்டறைகளுக்கும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளுக்கும் முப்பரிமாண வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மாணவர் வரைந்த ஸ்கெட்சை (முப்பரிமாண வடிவத்துக்கு அடிப்படையாகும் தட்டைப் படத்தை) திருத்தும்போது, கேள்வித்தாளில் இருக்கும் படம் அப்படியே வந்துவிட்டதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று அளவுகளை நீங்களே மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் வடிவம் குலையாமல் நின்றால் முழு மதிப்பெண் கொடுங்கள். குலைந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குறையுங்கள்.

சேலத்துக்கு இது ஏன் அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் சின்னப் பட்டறைக்கு வரும் வேலை பெரும்பாலும் புது வடிவம் கிடையாது. ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைக்குச் சல்லடை மோட்டார் உட்காரும் பிளேட், இளம்பிள்ளைத் தறிக்குப் புல்லி, ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பல்ப்பருக்கு (காபிப் பழத்தோல் உரிக்கும் மெஷினுக்கு) பெல்ட் கவர். போன மாதம் 2 எச்.பி.க்குச் செய்ததை இந்த மாதம் 3 எச்.பி.க்கு, அடுத்த மாதம் 5 எச்.பி.க்கு மாற்றிக் கேட்பார்கள். ஆகவே வரைபடக்காரரின் நாளில் பாதி, பழைய ஃபைலைத் திறந்து அளவு மாற்றுவதிலேயே போகிறது. அந்த ஃபைல் அளவு மாற்றத்தைத் தாங்காவிட்டால் புதிதாக வரைய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, ஒரு மணி நேரம் போகும். தாங்கியதுபோல் காட்டிவிட்டு உள்ளே ஒரு ஓட்டையை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால், அது லேசர் கட்டிங்குக்குப் போய், 12 மி.மீ. பிளேட்டில் வெட்டுப்பட்டு, பெயின்ட் அடித்து, ஆலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

இதன் வேர் ஆட்டோகேட் பழக்கத்தில் இருக்கிறது. இருபரிமாணத்தில் 160 என்று அடித்து ஒரு கோடு போட்டால் அது 160 ஆகவே கிடக்கும். யாரும் தொடாதவரை அசையாது. அதே கையோடு முப்பரிமாண மென்பொருளுக்கு வரும் மாணவர், ஸ்கெட்சிலும் கோடு போட்டால் கோடு நிற்கும் என்று நினைக்கிறார். இங்கே நாம் வரைவது ஒரு தோராயம்தான். அதைப் பிடித்து நிறுத்துவது அளவும் கன்ஸ்ட்ரெயின்டும், அதாவது இது படுக்கை, இவை சமம் என்பதுபோல் கோடுகளுக்குப் போடும் நிபந்தனையும். (சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் ரிலேஷன் என்பார்கள். இந்த மடலில் நாங்கள் கட்டு என்றே எழுதுகிறோம்.) கருத்து ஒன்றும் புதிதில்லை. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ஆய்வேட்டுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே கோடுகளுக்குக் கட்டுப் போட முடிந்தது. 1988-இல் ப்ரோ-எஞ்சினியர் என்ற மென்பொருள் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது, 1995-இல் சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கியது. ஆட்டோகேடிலேயே 2010 பதிப்பிலிருந்து பாராமெட்ரிக் என்று ஒரு தனி டேப் இருக்கிறது. வகுப்பில் அந்த டேப்பை யாரும் திறப்பதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

கட்டு என்றால் என்ன என்பதைக் கணக்காகச் சொல்லிக்கொடுங்கள் என்பது எங்கள் முதல் வேண்டுகோள். ஐகானைக் காட்டி, இது பேரலல் (இணை), இது டேன்ஜென்ட் (தொடுகோடு) என்று ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. கரும்பலகையில் இப்படி எழுதலாம். ஒரு புள்ளிக்கு இரண்டு அசைவு உண்டு, இடவலமும் மேல்கீழும். கோட்டுக்கு இரண்டு முனை, ஆகவே 4 அசைவு. வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1, மொத்தம் 3. வில்லுக்கு அதோடு தொடக்கமும் முடிவும் சேர்ந்து 5. இனி ஒரு செவ்வகம். நாலு கோடு, 16 அசைவு. நாலு மூலையையும் கோஇன்சிடென்ட் போட்டு ஒட்டினால் மூலைக்கு 2 வீதம் 8 போகும், மிச்சம் 8. இரண்டு ஹாரிசான்டல், இரண்டு வெர்ட்டிகல் போட்டால் ஒவ்வொன்றும் 1 எடுக்கும், மிச்சம் 4. எதிரெதிர் மூலை இரண்டையும் ஒரிஜினை (அசையாத பூஜ்யப் புள்ளியை) பொறுத்துச் சிமெட்ரி ஆக்கினால் 2 போய் 2 நிற்கும். நீளம் ஒன்று, அகலம் ஒன்று. பூஜ்யம். சாலிட்வொர்க்ஸில் மூலைவிட்டத்தைக் கட்டுமானக் கோடாகப் போட்டு அதன் நடுப்புள்ளியை ஒரிஜினில் ஒட்டுவோம். கூட்டிக் கழித்தால் அதே பூஜ்யம்தான் வரும்.

இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்ட மாணவர், ஹாரிசான்டலும் வெர்ட்டிகலும் இருக்கும் செவ்வகத்தில் எதிர்ப் பக்கங்களுக்கு மேலும் ஒரு ஈக்வல் (சமம் என்ற கட்டு) போட மாட்டார். எடுக்க அசைவே இல்லாத இடத்தில் கட்டுப் போடுகிறோம் என்பது அவருக்கே தெரிந்துவிடும். மென்பொருள் சிவப்பில் கத்தும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து நிறம். சாலிட்வொர்க்ஸிலும் ஃபியூஷனிலும் நீலக் கோடு இன்னும் அசையும், கறுப்புக் கோடு கட்டுண்டது. ஃப்ரீகேடில் வெள்ளை அசையும், எல்லாம் முடிந்தால் பச்சை. எத்தனை அசைவு மிச்சம் என்ற எண்ணையும் அது காட்டும். இதைப் பல மையங்களில் சொல்லித்தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கறுப்பாக்குவதே குறிக்கோள் ஆகிவிட்டது. சாலிட்வொர்க்ஸில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஃபிக்ஸ் (இருந்த இடத்திலேயே நிறுத்தும் கட்டு) போட்டாலும் கறுப்பாகும். ஃபுல்லி டிஃபைன் ஸ்கெட்ச் என்ற கட்டளையை அழுத்தினால் மென்பொருளே எங்கிருந்தோ நாற்பது அளவு போட்டுக் கறுப்பாக்கிக் கொடுக்கும். க்ரியோவில் இன்னும் வேடிக்கை உண்டு. அங்கே ஸ்கெட்ச் எப்போதுமே முழுதாகக் கட்டுண்டுதான் இருக்கும், ஏனென்றால் நாம் விட்ட இடத்தையெல்லாம் மென்பொருளே வீக் டைமென்ஷன் போட்டு நிரப்பிவிடும். அதை மாணவர் தன் அளவாக ஸ்ட்ராங் ஆக்காமல் விட்டால், அடுத்த அளவைப் போடும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். ஆகவே நிறத்துக்கு மதிப்பெண் கொடுக்கவே கூடாது என்கிறோம். நிறம் சொல்வது அசைவு மிச்சமில்லை என்பதை மட்டும். போட்ட கட்டுகள் சரியானவையா என்பதை அது சொல்லாது.

சரியான கட்டு எது என்பதை மோட்டார் பிளேட்டை வைத்தே காட்டுகிறோம். நம் ஊரில் அதிகம் ஓடும் நாலு போல் மோட்டார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2 எச்.பி. 90எல் ஃப்ரேமில் (ஃப்ரேம் என்பது மோட்டார் உடலின் தர அளவு) வரும், 3 எச்.பி. 100எல், 5 எச்.பி. 112எம். மோட்டார் கால்களின் ஓட்டை இடைவெளி ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரப்படி நிலையானது. தண்டுக்குக் குறுக்கே அளந்தால் 90எல்-க்கு 140, 100எல்-க்கு 160, 112எம்-க்கு 190. தண்டின் நீளவாக்கில் 90எல்-க்கு 125, மற்ற இரண்டுக்கும் 140. கால் ஓட்டை 90எல்-இல் 10 மி.மீ., ஆகவே எம்8 போல்ட். மற்ற இரண்டில் 12 மி.மீ., எம்10 போல்ட். பெல்ட்டை இறுக்க மோட்டாரைத் தள்ள வேண்டும் என்பதால் பிளேட்டில் வட்ட ஓட்டைக்குப் பதில் ஸ்லாட் (நீள ஓட்டை) வெட்டுகிறோம். போல்ட் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 40 மி.மீ. நகரலாம்.

மாணவர் பொதுவாக என்ன செய்கிறார்? பிளேட்டின் இடது கீழ் மூலையை ஒரிஜினில் வைக்கிறார். மேல் வரிசை ஸ்லாட் இரண்டையும் பிளேட்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக வைத்து இடையே 160 போடுகிறார். கீழ் வரிசை இரண்டும் மேலதற்கு நேர் கீழே இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அவற்றுக்கும் அதேபோல் தனியாக இன்னொரு 160 போடுகிறார். கறுப்பாகிவிட்டது, படமும் சரி. ஆறு மாதம் கழித்து அதே ஃபைலை 112எம்-க்கு மாற்றுபவர் ஒரு 160-ஐ 190 ஆக்குகிறார், இன்னொன்று அவர் கண்ணில் படுவதில்லை.

இப்போது என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மேல் வரிசை ஸ்லாட்டின் மையம் நடுக்கோட்டிலிருந்து 95-இல், போல்ட் 75 முதல் 115 வரை போகலாம். கீழ் வரிசையின் மையம் 80-இல், போல்ட் 60 முதல் 100 வரைதான். மோட்டார் கால்கள் நான்கும் 95-இல். வலது பக்கம் கீழ் ஸ்லாட் 100-க்கு மேல் விடாது, ஆக வலப்பக்கம் தள்ள 5 மி.மீ.தான் இடம். இடது பக்கமும் அதேபோல் 5. மொத்தம் 40 மி.மீ. நகர வேண்டிய மோட்டார் 10 மி.மீ.தான் நகரும். கவனியுங்கள், நாலு போல்ட்டும் ஒழுங்காக உள்ளே இறங்கும். ஃபிட்டர் சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்காது. பெல்ட் ஓடி ஓடி நீண்ட பிறகு, இறுக்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தும்போதுதான் இடமில்லை என்று தெரியும். வட்ட ஓட்டையாக இருந்தால் போல்ட் நுழையாமல் அன்றே மாட்டியிருக்கும். ஸ்லாட் தவறை மூடி மறைக்கிறது. அதனால்தான் ஸ்லாட் இருக்கும் வரைபடத்தில் கட்டுகளை இரட்டிப்பாகக் கவனிக்கச் சொல்கிறோம்.

சரியான வழியில் வேலை குறைவு. ஒரிஜின் பிளேட்டின் நடுவில். அதன் வழியே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சென்டர் லைன். ஒரே ஒரு ஸ்லாட்டை மட்டும் வரைந்து கட்டுங்கள். மற்ற மூன்றும் மிரர். அளவைப் பாதியாக 80 என்று போட வேண்டாம், கேட்லாக்கில் உள்ளபடி 160 என்றே முழு இடைவெளியாகப் போடுங்கள். நாளைக்குக் கேட்லாக்கைப் பார்த்து மாற்றுபவர் வகுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பிளேட்டின் வெளி அளவை எண்ணாக அடிக்காமல் சூத்திரமாக எழுதுங்கள். நீளத்துக்குக் கால் இடைவெளி, நகரும் தூரம் 40, ஸ்லாட் அகலம், இரு ஓரத்துக்கும் சேர்த்து 40. 100எல்-க்கு 160 + 40 + 12 + 40 = 252. அகலத்துக்கு 140 + 12 + 48 = 200. 112எம்-க்கு ஒரே ஒரு எண்ணை 190 ஆக்கினால் நீளம் தானாக 282 ஆகும், அகலம் 200-இலேயே நிற்கும். 90எல்-க்கு மூன்று எண் மாறும், 140, 125, ஸ்லாட் அகலம் 10. பிளேட் 230-க்கு 183 ஆகச் சுருங்கும். மாணவரிடம் விடையாக இந்த எண்களைக் கேட்டாலே ஸ்கெட்ச் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

அந்த ஒரு ஸ்லாட்டையும் ரெடிமேட் ஸ்லாட் கட்டளை இல்லாமல் ஒரு தடவையாவது கையால் வரைய விடுங்கள். இரண்டு கோடு 8, இரண்டு வில் 10, மொத்தம் 18 அசைவு. நாலு முனை ஒட்டினால் 8 போகும். நாலு டேன்ஜென்ட் போட்டால் 4 போகும். மிச்சம் 6. ஆனால் ஒரு ஸ்லாட்டை விவரிக்க ஐந்து தகவல் போதுமே: இடத்துக்கு இரண்டு, சாய்வு, நீளம், அகலம். ஆறாவது எங்கிருந்து வந்தது? இரண்டு வில்லுக்கும் ஆரம் வேறு வேறாக இருக்கலாம் என்பதுதான் அது. ஒரு ஈக்வல் போட்டால் 5. அந்த ஈக்வலை மறந்தால் ஸ்லாட் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்துப் போகும், 12-க்கும் 12.3-க்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியவே தெரியாது.

இதே ஆறு அசைவு வடிவம்தான் பெல்ட் கவர். பெரிய புல்லிக்கு ஒரு வில், சின்னப் புல்லிக்கு ஒரு வில், மேலும் கீழும் டேன்ஜென்ட் கோடு. ஸ்லாட்டுக்கும் பெல்ட் கவருக்கும் நடுவே இருப்பது அந்த ஒற்றை ஈக்வல்தான் என்பதை மாணவர் கண்டுபிடிக்கும்போது பாடம் மண்டையில் ஏறிவிடும். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. கவரின் மேல் கோடும் கீழ்க்கோடும் கிட்டத்தட்ட இணையாகத் தெரிவதால் மாணவர் அவற்றுக்குப் பேரலல் போட்டுவிடுவார், அல்லது வரையும்போதே மென்பொருள் தானாகப் போட்டுவிடும். வெளிப்பக்கத்து டேன்ஜென்ட் கோடுகள் இரண்டும் இணையாக இருக்க வேண்டுமானால் இரண்டு ஆரமும் சமமாக இருந்தாக வேண்டும். அதாவது அந்தப் பேரலல் மறைமுகமான ஈக்வல். பெரிய வில்லுக்கு 170, சின்னதற்கு 70 என்று அளவு போடப் போகும்போது மென்பொருள் முரண் என்று சொல்லும். மாணவர் அப்போது 70 என்ற சரியான அளவை அழிப்பார், பேரலலைத் தொடவே மாட்டார். கடைசியாகப் போட்டதுதான் குற்றவாளி என்ற நினைப்பு. பல நேரம் குற்றவாளி பத்து நிமிடம் முன்னால் யாரும் கேட்காமல் உள்ளே வந்த கட்டு.

ஆகவே சிவப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் பாடமாக நடத்துங்கள். மிகையான கட்டு வேறு, முரணான கட்டு வேறு. முதலாவது ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வது. இரண்டாவது சொன்னதற்கு எதிராகச் சொல்வது. ஃப்ரீகேட் இரண்டையும் பிரித்துச் செய்தி கொடுக்கும். இப்போதைக்கு மிகையான கட்டு தீங்கு செய்யாததுபோல் தெரியலாம். நாளைக்கு ஓர் அளவை மாற்றும்போது அதுவே முரணாகிவிடும். கட்டுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்து, இதை யார் போட்டது, எதற்காக என்று கேட்கச் சொல்லுங்கள். படத்தில் காட்ட மட்டும் ஓர் அளவு வேண்டுமென்றால் அதை ரெஃபரன்ஸ் அளவாக (வடிவத்தைக் கட்டாத அளவாக) ஆக்கிவிட்டால் போதும்.

கவரிலேயே இன்னொன்று. மைய தூரத்தை 450-இலிருந்து ஒரே தாவலில் 260 ஆக்கினால், சில நேரம் மேலும் கீழும் போக வேண்டிய கோடுகள் நடுவில் குறுக்கே வெட்டிக்கொண்டு எட்டு வடிவம் ஆகிவிடும், அல்லது வில் உட்பக்கமாகத் திரும்பிவிடும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. வட்டத்தைத் தொட வேண்டும் என்ற சமன்பாட்டுக்கு வெளியே தொடுவதும் விடை, குறுக்கே போய்த் தொடுவதும் விடை. மென்பொருள் தற்போதைய நிலையிலிருந்து படிப்படியாக நகர்ந்து தேடும். முதலில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் வரையும்போதே உண்மையான அளவுக்குப் பக்கத்தில் வரைய வேண்டும். 450 மி.மீ. கவரை 20 மி.மீ.க்கு வரைந்துவிட்டு அளவு போட்டால் பலூன் மாதிரி ஊதிக் கோணிக்கொள்ளும். பெரிய அளவை முதலில் போடுங்கள், பிறகு சின்னது. அளவை மாற்றும்போது 450, 380, 320, 260 என்று இறங்குங்கள். இந்த ஆரங்களில் மைய தூரம் 240-க்கு மேல் இருந்தால்தான் குறுக்குக் கோடுகளுக்கே இடம் உண்டு. 100-க்குக் கீழே போனால் சின்ன வட்டம் பெரியதற்குள் போய்விடும், அங்கே எந்தக் கோடும் வராது. தேர்வாளர் அளவு மாற்றும்போது இந்த எல்லையைத் தெரிந்து மாற்ற வேண்டும். தீர்வே இல்லாத எண்ணைக் கொடுத்து மாணவரின் மதிப்பெண்ணை வெட்டிவிடக் கூடாது.

புல்லியின் கீவே (தண்டோடு புல்லியும் சுழலச் செருகும் கீ உட்காரும் பள்ளம்) எங்களுக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே தவறான கட்டு மௌனமாக இருக்கும், சரியான கட்டு தவறைக் காட்டிக்கொடுக்கும். 90எல் மோட்டாரின் தண்டு 24 மி.மீ., 100எல்-உம் 112எம்-உம் 28. மூன்றுக்கும் ஒரே கீ, அகலம் 8, உயரம் 7. புல்லிப் பக்கத்துக் கீவே ஆழம் 3.3. மாணவர் ஒரிஜினில் 24 வட்டம் போட்டு, கீவேயின் மேல்கோட்டை ஒரிஜினிலிருந்து 15.3 என்று அளவிடுகிறார். கணக்கு சரி, 12-உம் 3.3-உம் கூட்டினால் 15.3. இப்போது 3 எச்.பி.க்கு மாற்ற வட்டத்தை 28 ஆக்குங்கள். ஆரம் 14 ஆகிவிட்டது, கீவேயின் மேல்கோடு 15.3-இலேயே நிற்கிறது, ஆழம் 1.3 மி.மீ. வடிவம் குலையவில்லை, நிறம் மாறவில்லை, எக்ஸ்ட்ரூட் கட் ஒழுங்காக ஓடுகிறது. லேத்திலும் ஸ்லாட்டிங் மெஷினிலும் வரைபடத்தை நம்பி வெட்டினால் கீ உட்காராது.

அதே மேல்கோட்டை, போரின் (தண்டு நுழையும் நடு ஓட்டையின்) எதிர்ப் பக்கத்து விளிம்பிலிருந்து 27.3 என்று அளவிட்டிருந்தால் கதை வேறு. போரை 28 ஆக்கியவுடன் 27.3 போருக்குள்ளேயே போய்விடும். கீவேயின் பள்ளமே படத்திலிருந்து காணாமல் போய்விடும். வரைபவர் விழித்துக்கொண்டு அதை 31.3 ஆக்குவார். மேலும் வெர்னியர் வைத்து அளக்க முடிவது இந்த 31.3-ஐத்தான், போரின் மையத்தில் வெர்னியர் வைக்க இடம் ஏது? பட்டறையில் அளக்க முடியாத அளவை ஸ்கெட்சில் போடக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. எந்த முகத்தை அடிப்படையாக வைத்து ஃபிட்டர் அளப்பாரோ, அந்த முகத்திலிருந்துதான் ஸ்கெட்சின் அளவும் புறப்பட வேண்டும்.

சங்கிலி அளவு பற்றியும் இதே இடத்தில் சொல்லலாம். ஒரு வரிசையில் ஐந்து ஓட்டை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று நாலு அளவு போட்டு ஒவ்வொன்றுக்கும் ±0.1 கொடுத்தால், முதல் ஓட்டைக்கும் கடைசி ஓட்டைக்கும் நடுவே ±0.4 வரை போகலாம். எல்லாவற்றையும் ஒரே ஓரத்திலிருந்து ±0.1 என்று அளந்தால் எந்த இரண்டுக்கும் நடுவே ±0.2-ஐத் தாண்டாது. ஸ்கெட்சில் எப்படி அளவு போடுகிறாரோ அப்படியே டிராயிங் ஷீட்டில் இழுத்து விடுவதுதான் எல்லோருடைய வழக்கம், ஆகவே முடிவு ஸ்கெட்சிலேயே ஆகிவிடுகிறது.

இனிச் சில சின்ன விஷயங்கள். வரையும்போது கர்சர் பக்கத்தில் ஐகான் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே வரையப் பழக்குங்கள். சம்பந்தமில்லாத கோட்டோடு ஒட்டிக்கொள்வதாகத் தோன்றினால் சாலிட்வொர்க்ஸில் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு வரைந்தால் தானாகக் கட்டு விழாது. நேராகத் தெரிகிறது என்று ஹாரிசான்டல் போடாமல் விட்ட கோடு 0.3 டிகிரி சாய்ந்திருந்தால் 252 மி.மீ. நீளத்தில் 1.3 மி.மீ. ஏறிவிடும், கண் அதைப் பிடிக்காது. மூலை வளைவுகளை ஸ்கெட்சில் போடாமல் பிறகு ஃபில்லட்டாகப் போடச் சொல்லுங்கள், ஸ்கெட்ச் இலகுவாக இருக்கும். ஆறு போல்ட் ஓட்டை வட்டமாக வேண்டுமென்றால் ஒன்றை வரைந்து ஃபீச்சரில் பேட்டர்ன் செய்வது போதும். இரண்டாவது ஸ்கெட்சை ஃபில்லட் விளிம்பில் கட்டாமல், முடிந்தவரை ஒரிஜினிலும் அடிப்படைப் பிளேனிலும் கட்ட வேண்டும். நாளைக்கு அந்த ஃபில்லட்டை எடுத்தால் கட்டு அந்தரத்தில் தொங்கும். ஃப்ரீகேடில் இந்தத் தொல்லை வெகு நாள் இருந்து, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் பெருமளவு குறைந்தது. லைசென்ஸ் காசு இல்லாத மையங்கள் அந்தப் பதிப்பை வைத்தே இந்த மடலில் உள்ள அத்தனையும் நடத்தலாம்.

லேசருக்கு டி.எக்ஸ்.எஃப். (வெட்டும் மென்பொருள் படிக்கும் வரைபட ஃபைல்) கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முனைகள் ஒட்டியதுபோல் தெரிந்தும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் வெட்டும் மென்பொருள் அதைத் திறந்த கோடாக எடுத்துக்கொள்ளும். ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு படிந்திருந்தால் அதே இடத்தில் இரண்டு முறை வெட்டும். இரண்டுமே கோஇன்சிடென்ட் கட்டைச் சோம்பலில் விட்டதால் வருவது.

தேர்வை எப்படி மாற்றலாம் என்பதற்கு எங்கள் யோசனை இது. மாணவர் முடித்தவுடன் தேர்வாளர் மௌசைக் கையில் வாங்கி நாலைந்து புள்ளிகளை இழுத்துப் பார்க்கட்டும்; எதுவும் அசையக் கூடாது. பிறகு ஸ்கெட்சின் மிகப் பெரிய அளவை ஒன்றரை மடங்காக்கட்டும். பழைய எண்ணைத் திரும்ப வைத்துவிட்டு, ஓட்டை இடைவெளி ஒன்றை மாற்றட்டும். இணையான மற்ற ஓட்டைகள் கூடவே நகர்கின்றனவா என்று பார்க்கட்டும். கடைசியாகக் கட்டுப் பட்டியலைத் திறந்து ஃபிக்ஸ் எத்தனை என்று எண்ணட்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால், ஏன் என்று மாணவர் வாயால் சொல்ல வேண்டும். ஒரு மாணவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. செய்முறைக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் அதில் 10-ஐ இதற்கு வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதைவிடக் குறைத்தால் மாணவர் படம் வரைவதிலேயே நேரத்தைச் செலவழிப்பார்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படமும் அளவும் அதேதான். மதிப்பெண்ணைப் பிரிப்பது மட்டும் உங்கள் கையில். கேள்விக்கும் நீங்கள் அலைய வேண்டாம். மேலே உள்ள மோட்டார் பிளேட், புல்லிக் கீவே, பெல்ட் கவர் மூன்றையும் எண்களோடு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டையும் கீவேயையும் 90எல்-க்கு வரையச் சொல்லி, முடித்த பிறகு 112எம் என்று அறிவியுங்கள். பிளேட் 282-க்கு 200, கீவே 31.3. கவரின் மைய தூரத்தை 450-இலிருந்து 380 ஆக்குங்கள். ஆரங்கள் 170-உம் 70-உம் அப்படியே நிற்க வேண்டும், கோடுகள் குறுக்கிடக் கூடாது.

இப்படிக்கு,
சேலம் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிலர்